இரத்தத்தில் ஏறும் புளிப்பு

மட்டக்களப்புத் தயிர்ச்சட்டி ஒன்றை வெயிலில் வைத்துவிட்டு மாலையில் திறந்தால் புளிப்பு மூக்கில் அடிக்கும். அந்தப் புளிப்பின் பெயர் லக்டிக் அமிலம். 1780 இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே புளித்த பாலிலிருந்து முதன்முதலாக அதைப் பிரித்தெடுத்தார். பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயரும் வந்தது. மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புளிப்பு சோறு போடுகிறது. வாவிக்கு அக்கரையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் வைத்தியருக்கோ அதே புளிப்பு நோயாளியின் இரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அன்றைய நாளின் முதற்கவலை.

ஷீலேக்கு 63 ஆண்டுகள் கழித்து, 1843 இல், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் ஜோஹன் ஜோசப் ஷேரர் என்ற மருத்துவர், பிள்ளை பெற்ற சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோன இளந்தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தார். தயிரில் இருக்கும் அமிலம் அங்கேயும் இருந்தது. நலமாக இருப்பவர் இரத்தத்தில் அதுவரை எவரும் அதைக் கண்டதில்லை. அந்தத் தாய்மார் சாகும் முன்னரே அவர்களுடைய உடம்புக்குள் ஏதோ ஒன்று புளிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். நோயாளி தப்புவாரா என்பதை இரத்தத்தில் தேடும் இன்றைய அறிவியலுக்கு அந்தப் பிரேத மேசைதான் ஒரு தொடக்கம்.

இப்போது படுவான்கரையில் உள்ள பழுகாமத்து வெள்ளாமைக்காரர் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். ஐம்பது தாண்டிய வயது, பத்து வருடச் சீனி வருத்தம். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கி, வரம்பு கட்டி, வக்கடை பார்த்து, முழங்கால் அளவு சேற்றில் நின்றவர். குதிக்காலில் ஒரு வெடிப்பு. சில நாளில் காய்ச்சல் வருகிறது. இரண்டு பனடோல். மறுநாளும் பனடோல். நாலாம் நாள் ஆளின் பேச்சில் மாறாட்டம் தெரிகிறது. கேட்டதற்கு வேறு ஏதோ சொல்கிறார். அப்போதுதான் வீட்டார் பதறியடித்து, பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுபோகிறார்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிக்கும், சேற்று மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸாகவும் இருக்கலாம். இரண்டும் வயலோடு வருகிற வருத்தங்கள். இரண்டும் பிந்தினால் உயிரை எடுப்பவை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே மனைவி, மக்கள், மச்சான்மார் நிற்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: “டொக்டர், ஆள் தப்புவாரா?”

கதவுக்கு உள்ளே, தாதி அவருடைய மணிக்கட்டு நாடியில் ஊசி ஏற்றி ஒரு மில்லிலீற்றர் அளவு இரத்தம் எடுக்கிறார். உறையாமல் இருக்க ஹெப்பரின் தடவிய சிறிய சிரிஞ்சு அது. காற்றுக் குமிழை வெளியே தள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, பக்கத்தில் இருக்கும் கருவியின் வாயில் வைக்கிறார். இரண்டொரு நிமிடத்தில் கடைப் பற்றுச்சீட்டைப் போல ஒரு தாள் வெளியே வருகிறது. அமிலத்தன்மை, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, பொட்டாசியம் என்று வரிசையாக வந்து, அந்தத் தயிர்ப்புளிப்பின் அமிலத்தைக் குறிக்கும் லக்டேட் என்ற வரியில் 6.2 என்று இருக்கிறது.

அந்த 6.2 எங்கிருந்து வந்தது? உடம்பின் கலங்களுக்குக் குளுக்கோஸ் முக்கியமான எரிபொருள். ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 அலகு சக்தி பெறலாம். ஒட்சிசன் கிடைக்காவிட்டால் 2 அலகுதான். மீதி லக்டேட்டாக வெளியே கொட்டப்படும். கிருமியின் தாக்கத்தில் இரத்த அழுத்தம் விழுந்து, நுண்ணிய நாளங்களில் ஓட்டம் தடைப்படும்போது கலங்கள் இந்த இரண்டுக்கு இறங்கிவிடுகின்றன. அதோடு, ஆபத்தை உணர்ந்து உடம்பு சுரக்கும் அட்ரினலினும் ஒட்சிசன் இருக்கும் இடத்தில்கூட லக்டேட்டைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது.

செய்வது ஒரு பக்கம், அகற்றுவது மறுபக்கம். நலமான உடம்பிலும் லக்டேட் ஓயாமல் உண்டாகிறது. ஈரல் அதை எடுத்துத் திரும்பக் குளுக்கோசாக்கிவிடும், சிறுநீரகமும் கைகொடுக்கும். வயலில் தண்ணீர் கட்டி நின்றால், வாய்க்கால் அளவுக்கு மீறிப் பாய்கிறதா, வக்கடை அடைபட்டுவிட்டதா என்று இரண்டையும் பார்த்துத்தானே மண்வெட்டியைக் கையில் எடுக்கிறோம்? லக்டேட்டும் அப்படித்தான். கலங்கள் மூச்சுத் திணறுவதையும் ஈரல் களைத்துப்போனதையும் ஒரே எண்ணில் சேர்த்துக் காட்டுவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

அந்த மதிப்பை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் மக்ஸ் ஹரி வைலும் அஃபிஃபியும். அதிர்ச்சி நிலையில், அதாவது இப்படி இரத்த ஓட்டம் தளர்ந்த நிலையில், வந்த நோயாளிகளை ஆராய்ந்து 1970 இல் அவர்கள் எழுதியது இது: இரத்த லக்டேட் லீற்றருக்கு 2.1 மில்லிமோலிலிருந்து 8.0 ஆக உயரும்போது, உயிர்பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகச் சரிகிறது. 2016 இல் உலக நிபுணர்கள் கிருமித்தாக்க அதிர்ச்சிக்கு வகுத்த வரையறையிலும் லக்டேட்டுக்கு இடம் கிடைத்தது. வேண்டிய அளவு சேலைன் ஏற்றிய பிறகும் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க மருந்து தேவைப்பட்டு, லக்டேட்டும் 2க்கு மேல் நின்றால், அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வைத்தியசாலையிலேயே இறக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் 6.2 என்ற எண்ணைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் நான் வாசகரின் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன்.

முதலாவது, இரத்தம் குழாய்க்குள் போன பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுக்கள் அங்கேயும் குளுக்கோசைத் தின்று லக்டேட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எடுத்த இரத்தத்தை உடனே சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் பனிக்கட்டியில் வைக்க வேண்டும், அல்லது புளோரைட் போட்ட சாம்பல்நிற மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து, ஆய்வுகூட மேசையில் ஒரு மணித்தியாலம் கிடந்த இரத்தம் பொய் சொல்லும். இரண்டாவது, வேறு காரணங்களாலும் லக்டேட் ஏறும். முட்டுக்காரருக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் ஏற்றும். வலிப்பு வந்தவருக்கு ஏறி, சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடும். சீனி வருத்தத்துக்கு வீடுவீடாகப் போடும் மெற்போமின் குளிசையும், சிறுநீரகம் பழுதானவரின் உடம்பில் தேங்கினால், ஏற்றும். அந்த வெள்ளாமைக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் மருந்துச் சீட்டைப் பார்க்காமல் 6.2க்குப் பொருள் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் பெரிது. ஒரு எண்ணைவிட இரண்டு எண்கள் அதிகம் சொல்லும். சிகிச்சை தொடங்கி இரண்டு, நாலு, ஆறு மணித்தியாலத்தில் 6.2 என்பது 4.8 ஆகி 3.1 ஆகிறதா, இல்லை 7ஐத் தாண்டுகிறதா? இறங்குகிறவர்களில் தப்புகிறவர்கள் அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்க வேண்டியது “எவ்வளவு?” என்றல்ல, “காலையிலிருந்து இறங்குகிறதா?” என்றுதான்.

லக்டேட் அளக்கும் கருவி இல்லாத இடத்திலும் இரத்தம் ஊமையாக இருப்பதில்லை. சிறுநீரகம் தளரும்போது யூரியாவும் கிரியேட்டினினும் ஏறும். எலிக்காய்ச்சலில் ஈரல் பாதிக்கப்பட்டால் பிலிருபின் ஏறிக் கண் மஞ்சளாகும், பிளேட்லெட் விழும். பிளேட்லெட் என்ற சொல் இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவான 2017 ஆம் ஆண்டு அதை எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டது. ஆனால் டெங்குவில் ஆபத்தை அதிகம் உணர்த்துவது இரத்தம் தடிப்பதுதான். நாளங்களிலிருந்து நீர் கசியும்போது சிவப்பணுக்களின் பங்கு கூடும். அதனால்தான் வார்ட்டில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்துச் சுழற்றி, பி.சி.வி. என்ன என்று நாளுக்குப் பலமுறை பார்க்கிறார்கள். பிளேட்லெட் எண்ணை மட்டும் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிக் கலங்குவதை எங்கள் சனம் விட வேண்டும்.

இன்னும் ஒரு வரி உண்டு. சாதாரண முழு இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகியும் பெரும்பாலும் யாரும் பார்க்காத வரி. ஆர்.டி.டபிள்யூ. என்று போட்டிருக்கும். சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதன் அளவு அது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். நீண்ட அழற்சி, சத்துக்குறைவு, சிறுநீரகத் தளர்ச்சி எதுவானாலும் எலும்பு மச்சை செய்து அனுப்பும் அணுக்களின் அச்சுக் குலைகிறது. தீவிர சிகிச்சைக்கு வருகிறவர்களில் இந்த எண் கூடியவர்களுக்கு இறப்பும் கூட என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வருத்தம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அந்த உடம்பு என்ன நிலையில் இருந்தது என்பதற்கான சாட்சி அது. கிருமியோடு ஏறும் புரோகல்சிட்டோனின், சி.ஆர்.பி. போன்றவையும் உண்டு. அவை கிருமிக்கொல்லி மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க உதவுவதைப்போல மரணத்தைக் கணிக்க உதவுவதில்லை.

தனித்தனி எண்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் வேலையும் நடந்தது. அமெரிக்காவின் 13 வைத்தியசாலைகளில் 5,815 அனுமதிகளை வைத்து 1985 இல் உருவான ‘அப்பாச்சி 2’ அவற்றில் பெயர் பெற்றது. உடல்நிலை அளவைகள் 12, அதோடு வயது, பழைய வருத்தங்கள் எல்லாம் சேர்ந்து 71 வரை போகும் மதிப்பெண். ஆனால் அந்த 5,815இல் நம்மூர்ப் புடையன் கடித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சேற்றுக் கிருமி ஏறிய வெள்ளாமைக்காரர்? வயலுக்கு அடிக்கும் மருந்து உடம்பில் ஏறியவர்? அளவுகோல் ஒரு மண்ணில் செய்யப்பட்டது. அளக்கப்படுவது வேறு மண். அது கேட்கும் பரிசோதனைகள் எல்லாம் எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் எல்லா நேரமும் நடப்பதும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க இறங்கியவர்கள் இலங்கைக்காரர்கள் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். ரஷான் ஹனிஃபாவும் அவருடைய சகாக்களும் இலங்கை, இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3,855 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2017 இல் ‘ட்ரொபிக்ஸ்’ என்ற மதிப்பெண்ணை வெளியிட்டார்கள். அதற்கு வேண்டியவை ஆறே ஆறு. அவசர சத்திரசிகிச்சை நடந்ததா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, மேல் இரத்த அழுத்தம் என்ன, நினைவு எந்த அளவில் இருக்கிறது, இரத்த யூரியா எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு. இரத்தத்திலிருந்து இரண்டு எண்தான் கேட்கிறது. இரண்டும் பெரிய கருவி எதுவும் இல்லாமல் பார்க்கக்கூடியவை.

அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது? ஆய்வாளர்கள் தந்த அளவு 0.767. அதன் பொருள் இது. இறந்தவர் ஒருவரையும் தப்பியவர் ஒருவரையும் குருட்டாக்கில் எடுத்துச் சோடி சேர்த்தால், நூறு சோடிகளில் ஏறத்தாழ 77இல் இறந்தவருக்கே கூடிய மதிப்பெண் கிடைத்திருக்கும். மீதி 23 இடத்தில் கணக்குப் பிழைக்கும். பிழைத்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் தவறிப்போதல் என்றும் உயிர்தப்புதல் என்றும் பொருள் உண்டு. கணக்குப் பிழைத்த இடங்களில் ஆள் பிழைத்த இடங்களும் இருக்கின்றன. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிப் பேசத் தெரிந்த எண்ணுக்கு, கட்டிலில் கிடக்கும் இந்த ஒருவரைப் பற்றி உறுதியாகப் பேசத் தெரியாது. ஒரு பிரிவில் இறப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுகிறதா, எங்கே தாதியரும் கட்டில்களும் போதவில்லை என்று அறிய இந்த மதிப்பெண்கள் அருமையான கருவி. ஒருவருக்குக் கட்டில் இல்லை என்று சொல்ல அவற்றை மட்டும் காரணம் காட்டினால் அது அநியாயம்.

ட்ரொபிக்ஸ் கேட்கும் அந்த ஆறில் மூச்சு ஏன் இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் அமிலம் ஏறினால் உடம்பு அதை உணர்ந்து, மூளையின் அடித்தண்டு மூச்சை விரைவுபடுத்துகிறது. காபனீரொட்சைட்டை அதிகம் வெளியேற்றினால் இரத்தத்தின் அமிலத்தன்மை தணியும். அதற்காக உடம்பு செய்யும் உபாயம் இது. லக்டேட் ஏறிய மனிதர் ஓடி வந்தவரைப்போல மூச்சு வாங்குவது இதனால்தான். ஆக, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுகிறவர் ஊசி குத்தாமலே இரத்தத்தின் புளிப்பை எட்டிப் பார்க்கிறார். இதற்குத் தேவை ஒரு கடிகாரம் மட்டுமே. ஆனாலும் இவ்வளவு மலிவான பரிசோதனை, வீட்டிலும் வார்ட்டிலும், மிக அதிகம் கைவிடப்படுகிறது.

விரல்நுனியும் இப்படித்தான். நகத்துக்கு எதிர்ப்புறச் சதையைப் பத்து வினாடி அழுத்திவிட்டு விட்டால், வெளிறிய இடம் மூன்று வினாடிக்குள் சிவக்க வேண்டும். தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதிர்ச்சி நிலையிலிருந்த 424 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு லக்டேட்டைப் பார்த்தும் மறு கூட்டத்துக்கு இந்த விரல்நுனியைப் பார்த்தும் சிகிச்சையை நடத்தினார்கள். 2019 இல் முடிவு வந்தது. 28 நாளில் விரல்நுனிக் கூட்டத்தில் இறந்தவர்கள் 34.9 சதவீதம், லக்டேட் கூட்டத்தில் 43.4 சதவீதம். புள்ளிவிபர முறைப்படி விரல்நுனி வென்றது என்று அறிவிக்க அந்த வித்தியாசம் ஒரு மயிரிழையில் போதவில்லை. ஆனால் கருவி இல்லாத வார்ட்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

இரத்தத்தில் உள்ள எண் கிட்டத்தட்ட தீர்ப்பாகவே இருந்த இடமும் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. பராகுவாட் களைநாசினி உடம்பில் ஏறியவர்களின் இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பதை வைத்துப் பிழைப்பாரா என்று சொல்லும் வரைகோட்டை 1979 இல் பிரித்தானியாவில் வரைந்தார்கள். இலங்கை நோயாளிகளிலும் அதைச் சோதித்தார்கள். கோட்டுக்கு மேலே போனவர்களை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அந்த எண்ணுக்கான பதில் கட்டிலருகில் இருக்கவில்லை, கடையில் இருந்தது. 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் இலங்கை அந்த நஞ்சைப் படிப்படியாகத் தடைசெய்தது. கணிப்புக்கு வேலையே இல்லாமல் செய்வதுதான் கணிப்பின் ஆகப்பெரிய பயன் என்பதை எங்கள் நாடு அன்று நிரூபித்தது.

பழுகாமத்துக்குத் திரும்புகிறேன். கதவுக்கு வெளியே நிற்பவர்கள் திரௌபதை அம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். ஆள் தப்பினால் தீமிதிக்கிறேன் என்பார்கள். நேரட்டும், அந்தப் பலம் அவர்களுக்கு வேண்டும். ஆனால் யாராவது “அவன்ட தலையெழுத்து” என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூன்று நாள் பனடோலோடு வீட்டில் கிடந்தபோது அவருடைய லக்டேட் 6 ஆக இருந்திருக்காது. இரண்டாம் நாள் பாலம் தாண்டியிருந்தால் தாளில் வேறு எண் வந்திருக்கும். எண் எழுதப்பட்டது தலையில் அல்ல, அந்த இரண்டு நாட்களில்.

வயலில் இறங்கும் முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கலண்டரில் குறித்து வையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது வழமையாகப் போடும் குளிசைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வயலில் நின்றதையும் காலில் வெடிப்பு இருந்ததையும் கேட்காமலே சொல்லுங்கள். காய்ச்சல்காரர் அமைதியாகப் படுத்திருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 22 அல்லது அதற்கு மேல் வந்தாலும், பேச்சு மாறினாலும், சிறுநீர் குறைந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.